மடையைத் திறந்தவர் யார்? – குழந்தைகள் அறிவியல் மாநாட்டை முன்வைத்து

குழந்தைகள் அறிவியல் மாநாட்டைக் கேள்வி கேட்டால் முற்போக்கு நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். 1993-இல் தேசிய அளவில் தொடங்கிய இதைத் தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னெடுத்து வந்திருக்கிறது. 10 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் துணையோடு, தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய வேண்டும். விலை கூடிய கருவி வேண்டாம். தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம். படிப்பை விட்ட பிள்ளைக்கும் இடமுண்டு. லேசுப்பட்ட காரியமில்லை இது. மனப்பாடத்துக்கு வெளியே நம் பிள்ளைகளுக்குத் திறந்த கதவுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் 'தம் ஊர்' என்கிறார்களே, அது எந்த ஊர்? ஊர் தனி, காலனி தனி என்று கிடக்கிற இடத்தில் அந்த ஒற்றைச்சொல் எதை மூடுகிறது?

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள். அவற்றை நம்பிய குளங்கள். நெல்லைப் பக்கத்துப் பிள்ளை நீரைப் பற்றி ஆராயப் போனால் தலைப்பு பெரும்பாலும் தயாராகவே இருக்கும்: 'நம் முன்னோரின் நீர் மேலாண்மை'. யார் வே அந்த முன்னோர்? எந்த மடையை எப்போது திறக்கணும், கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேர எத்தனை நாள், கரையில் எங்கே கசியும் என்று காலால் நடந்து கண்டவர் மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி. அவர் பேத்தி அவரிடமே கேட்டு எழுதுகிறாள். அறிக்கையில் அவர் 'தகவல் தந்த முதியவர்' ஆகிவிடுகிறார். அறிவு 'பாரம்பரியம்' ஆகிப் பொதுச்சொத்தாகிறது. சாதி மட்டும் மையில் நனைந்து அழிகிறது. அத்தனை கணக்கும் தெரிந்தவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு மரக்கால் விதைப்பாடு ஏன் இல்லை என்பது கருதுகோளாகாதா? கேட்டால், 'அது சமூகவியல், அறிவியல் இல்லை' என்ற பதில் வரும். மழையளவும் மண்வகையும் மாறிகள். சாதி மட்டும் மாறியாக முடியாது என்றால், மாறாதது எது என்று இவர்கள் ஒப்புக்கொண்டதாகவே ஆகிறது.

அடுத்தது, குழு. பாடப்புத்தகத்தைத் தனியே படிக்கலாம்; களத்துக்குக் கூட்டாகத்தான் போகணும். ஒருவர் வீட்டில் தண்ணி குடிக்கணும், இன்னொருவர் தெருவுக்குள் அளவுநாடா பிடிக்கணும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, தடுக்கப் போன தங்கையையும் சேர்த்து, சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், கையில் கட்டும் சாதிக்கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் மகேந்திரகிரியும் இதே மாவட்டம்தான். ஆய்வுக்குழுவை அமைக்கிற ஆசிரியருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். அதனால்தான் ஒரே தெருப் பிள்ளைகளை ஒரு குழுவாக்கி, 'சிக்கல் இல்லை' என்று நிம்மதியடைகிறார்.

மேக்நாத் சாஹாவை நினைத்துப் பாருங்கள். கல்கத்தாவின் ஈடன் இந்து விடுதியில் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். பள்ளி நாளில் தங்க இடமும் சோறும் தந்தவர் உள்ளூர் மருத்துவர் ஒருவர், கல்லூரியில் பி.சி. ராய், ஜகதீஷ் சந்திர போஸ் போன்ற ஆசான்கள் வாய்த்தார்கள். 1920-இல் அயனியாக்கச் சமன்பாட்டை அவர் தந்ததன் பின்னால் இந்தச் சோறும் இருக்கிறது. நம் வழிகாட்டுதலோ மாநாட்டு மேடையோடு முடிந்துபோகிறது. சான்றிதழ் கொடுத்து, போட்டோ பிடித்து, சரி போயிட்டு வா மக்கா என்று அனுப்பிவிடுகிறோம். பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுப்பது, எங்கே விண்ணப்பிப்பது, லீவு நாளில் நடவுக்குப் போகும் பிள்ளைக்குக் கூலி போனால் யார் ஈடு செய்வது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றமும் 6 முதல் 8 வகுப்பு வரைக்கும்தான். ஆய்வென்றால் என்னவென்று பிள்ளைக்குப் பிடிபடுகிற வயசு அதற்கு மேலேதான் வருகிறது.

மாநாட்டை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. உள்ளே போய் வேறு கேள்வியை வைக்கச் சொல்கிறேன். பழவூர் அணையில் பிரியும் பாளையங்கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோர ஊர்களில் யார் படித்துறை மேலே, யார் படித்துறை கீழே என்று முதலில் வரைபடம் போடட்டும். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்து, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை அளவுகோலால் அளக்கட்டும். மழைக்கு முன்னும் பின்னுமாக மூன்று மாதம்.