நாலாறு: ஒரு தொகைச்சொல்லும் மூன்று கணக்குகளும்

கடுவெளிச் சித்தரின் நந்தவனத்து ஆண்டி பாடல் வாய்மொழி வழக்கில் நாட்டார் பாடலாகவே நிலைபெற்றுள்ளது. ஆண்டி ஒருவன் குயவனிடம் பல மாதம் வேண்டித் தோண்டி ஒன்றைப் பெறுகிறான்; பெற்ற களிப்பில் ஆடி அதனை உடைத்துவிடுகிறான். தோண்டி உடல், ஆண்டி உயிர், குயவன் படைப்போன் என்பது பரவலான உரை. இவ்வுரைக்கு அச்சாணி, வேண்டிய காலத்தைக் குறிக்கும் ‘நாலாறு’ என்னும் சொல்.

இதனைக் கூட்டினால் 10 மாதம்; அதுவே சூல்காலம். ‘ஈராறு’ போலப் பெருக்கினால் 24. ‘நாலைந்து’ போல உத்தேசமாகக் கொண்டால் நான்கோ ஆறோ. எண்ணுப்பெயர்களையும் உம்மைத்தொகையுள் அடக்கும் தொல்காப்பியம் கூட்டலுக்கு இடந்தருகிறது. பெருக்கலுக்கோ வழக்கு துணைநிற்கிறது. ஆகவே பத்தென்பதை இலக்கணம் தீர்மானிக்கவில்லை. தோண்டியை உடலாகக் கண்டபின் உரையே அதனைத் தேர்ந்துகொள்கிறது.

இது உரையின் குறையன்று. பாடல் விடுகதைபோல் இயங்குகிறது. கேட்போர் முதலில் ஆண்டியின் பேதைமைக்குச் சிரிக்கின்றனர். பத்தெனக் கூட்டியபின் அச்சிரிப்பு தம்மீதே திரும்புகிறது. வகுப்பறையில் தத்துவப்பொருளை முதலில் கூறிவிடுவது, விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போடுவதாகும். தத்துவம் எஞ்சும், தம்மையே ஆண்டியாகக் காணும் கணம் மாணவர்க்குக் கிட்டாது.