எலிக்காய்ச்சல் படத்துக்குள் ஹன்டா: கண்டியில் நோய்ப்படம் வரைதல்

ஹன்டா வைரஸ் எலியின் சிறுநீர், எச்சில், புழுக்கை வழியே வெளியேறுகிறது. இவை காய்ந்து தூசியாகக் கிளம்பும்போது மூச்சோடு மனிதரின் உடலுக்குள் போகிறது. ஆசியாவில் இது பெரும்பாலும் காய்ச்சலும் சிறுநீரகப் பாதிப்புமாக வெளிப்படும். எந்த ஊரில், எந்த மாதத்தில் இந்நோய் மிகுகிறது என்று படத்தில் குறிப்பதற்குக் கண்டியில் முதல் தடை எலிக்காய்ச்சல்தான். கடும் காய்ச்சல், உடம்பு உளைவு, சிறுநீர் குறைதல், குருதிச் சிறுதட்டுகள் இறங்குதல் எல்லாம் இரண்டிலும் வரும். எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது, இலங்கை வைத்தியர்களுக்கு நன்கு பழகியது. அதனால் ஹன்டா நோயாளரும் அந்தப் பெயரிலேயே பதிவாகிவிடுகின்றனர்.

இதற்குச் சான்று உண்டு. இலங்கையில் ஹன்டா தொற்றின் அடையாளம் 1980களிலேயே குருதிச் சோதனைகளில் தெரிந்தது. கண்டியில் எலிக்காய்ச்சல் என்று ஐயுறப்பட்ட நோயாளரின் குருதியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய ஆய்வாளரும் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் சிலரிடம் தாய்லாந்து வைரஸுக்கு நெருங்கிய ஹன்டா வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. தாய்லாந்தில் அவ்வைரஸ் முதலில் பெருச்சாளியில் கண்டறியப்பட்டது.

நடைமுறையிலுள்ள படம் எலிக்காய்ச்சலுக்கானது. வார்டில் ஐயம் எழுந்ததும் எச் 544 படிவம் நிரப்பப்பட்டு, நோயாளியின் வதிவிடப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிச் சென்று விசாரிக்கிறார். எண்ணிக்கைகள் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவில் சேர்ந்து, வாரந்தோறும் மாவட்ட வாரியாக வெளியாகின்றன. ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராத இந்த வேகம் பெரும் பலம். 2008இல் நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் ஐயத்துடன் பதிவானபோது, பெருக்கத்தின் அளவைக் காட்டியது இந்தப் பதிவு முறையே. வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு எங்கே, எப்போது தடுப்பு மருந்தாக டொக்சிசைக்ளின் கொடுப்பது என்ற முடிவுக்கும் இதுவே துணை.

ஆனால் ஐயத்தை மட்டும் வைத்து வரைந்த படத்தில் இரு நோய்கள் ஒரே நிறத்தில் கலந்துவிடுகின்றன. இதன் விளைவு படத்தோடு நிற்பதில்லை. டொக்சிசைக்ளின் பக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தொடாது. எலிக்காய்ச்சல் ஈரச் சேற்றில், தோலின் கீறல் வழியே தொற்றுகிறது. மழையையும் வயல் வேலையையும் பின்தொடர்கிறது. ஹன்டாவுக்கோ பூட்டிக் கிடந்த களஞ்சியத்தைத் திறந்து கூட்டுவதே ஆபத்தான வேலை. தென்கொரியாவில் இந்நோய் இலையுதிர்கால அறுவடையை ஒட்டி மிகுவது இதற்கு ஒத்துப்போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் நனைந்து, ஒக்டோபர், நவம்பரிலும் பலத்த மழை பெறும் கண்டியில், இரண்டு நோய்களின் வளைவுகளையும் ஒன்றாகக் கூட்டினால் கிடைப்பது எந்த நோயின் பருவமும் அல்ல.

இடக் குறிப்பில் இன்னொரு குறை. படிவம் கேட்பது வீட்டு முகவரியை. தெல்தோட்டையில் உள்ள தோட்ட லயன் வீட்டிலிருந்து தினமும் கண்டி நகர மளிகைக் களஞ்சியத்துக்கு மூட்டை தூக்க வரும் ஒருவரை எடுத்துக்கொண்டால், புள்ளி தோட்டத்தில் விழும், எலி நகரத்தில் இருக்கும். விசாரணைக்குச் செல்லும் பரிசோதகர் வேலையிடத்தையும் கேட்டறிய முடியும். அது படத்தில் ஏறாவிட்டால் அந்த உழைப்பு வீண். ஒரே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள் கடைவீதியும் வயலும் தேயிலைத் தோட்டமும் அடங்கலாம். பிரிவு முழுவதற்கும் ஒரே நிறம் தீட்டும்போது இவற்றின் வேறுபாடு அழிந்துபோகிறது. கண்டி தேசிய வைத்தியசாலைக்கு மாத்தளை, கேகாலை, நுவரெலியாவிலிருந்தும் நோயாளர் வருவதால், வைத்தியசாலை வாரியாக எண்ணினால் நகரம் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

குருதிச் சோதனையைச் சேர்த்தாலே எல்லாம் தெளிந்துவிடும் என்பதும் சரியல்ல. நீடித்து நிற்கும் ஐஜிஜி பிறபொருளெதிரி தொற்று வந்ததைச் சொல்லும், வந்த மாதத்தைச் சொல்லாது. பருவத்தை அறிய, அண்மைத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம் சோதனையோ, சில வார இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளோ வேண்டும்.

இடப்பொருத்தத்தை வைத்துக் காரணம் சொல்வதிலும் நிதானம் தேவை. மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட கிராந்துருகோட்டையில், காரணம் தெரியாச் சிறுநீரக நோயாளரிடம் ஹன்டா பிறபொருளெதிரிகள் கூடுதலாகக் காணப்பட்டன. இது கவனிக்கத்தக்க தொடர்பு. ஆயினும் வயலில் உழைப்போர் எலியையும் வெப்பத்தையும் வேளாண் இரசாயனங்களையும் சேர்த்தே எதிர்கொள்கின்றனர். இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதால் மட்டும் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது.

நோயாளர் எண்ணிக்கைக்கு வெளியேயும் தரவு தேவை. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் ஹன்டா நுரையீரல் நோய் வெடித்தபோது, முந்திய மழையால் உணவு பெருகி மான் எலிகள் பல்கியிருந்தது தெரியவந்தது. அதற்கு எலிகளை ஆண்டுக்கணக்கில் பொறி வைத்து எண்ணிய பதிவு உதவியது. கண்டியிலும் நகரக் களஞ்சியம், வயல், லயன் என்ற மூவகை இடங்களில் மாதந்தோறும் எலி பிடித்துச் சோதிப்பது அவசியம். எலிக்காய்ச்சல் ஐயமுள்ளோரில் ஒரு பகுதியினருக்கேனும் ஹன்டா சோதனை செய்து, நோய் தொடங்கிய நாளையும் வேலையிடத்தையும் குறித்தால், எச் 544 வழியே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தகவலிலிருந்தே இரண்டு நோய்களுக்கும் தனித்தனிப் படம் வரையலாம்.