பக்கத்து ஏரியில் பறவைகளை ரசிப்பது எப்படி?

பெட்டாலிங் ஜெயாவில் இருந்துகொண்டு பறவை பார்க்க ஆசைப்படுபவரிடம் ஃபிரேசர் மலைக்குப் போங்கள், கோலசிலாங்கூருக்குப் போங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். இரண்டும் அருமையான இடங்கள்தாம். ஆனால், பறவையை ரசிக்கப் பழகுவதற்குக் கெலானா ஜெயா ஏரிகளைப் போன்ற பக்கத்து நீர்நிலைகளே ஏற்றவை என்பேன். மழைக்காட்டில் பறவை இலைகளுக்கிடையே சில நொடிகள் தெரிந்து மறைந்துவிடும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கிளை காலியாகியிருக்கும். ஏரியில் மறைப்பு குறைவு. மேலும், மெதுவோட்டக்காரர்களையும் குழந்தைகளையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய நகரத்துப் பறவை, காட்டுப் பறவையைவிட நம்மை அருகில் நெருங்க விடுகிறது. ஒரே கொக்கை அரை மணி நேரம் விடாமல் பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் கிடைக்கிறது. பெயரைக் கண்டுபிடித்ததோடு ரசனை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பறவை எப்படிப் பிழைக்கிறது என்று கண்ணால் பின்தொடரும்போதுதான் அது தொடங்குகிறது.

பார்க்கும் ஒவ்வொரு பறவையிடமும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இது எப்படிச் சாப்பிடுகிறது? சாம்பல் நாரை கண்ணை நம்பி வேட்டையாடுகிறது. அதனால் அசையாமல் நின்று, மீன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் மடித்து வைத்த கழுத்தை ஒரே வீச்சில் நீட்டுகிறது. மஞ்சள்மூக்கு நாரையின் வழி வேறு. அலகைப் பாதி திறந்து கலங்கிய நீரில் அமிழ்த்தி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். தொட்டு உணர்ந்து பிடிப்பதால் அதற்குத் தெளிந்த நீர் தேவையில்லை. கரையோரக் கல்லில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் தோசிக் கொக்கையும் கவனியுங்கள். பூச்சியையோ ரொட்டித் துணுக்கையோ தானே நீரில் போட்டு, அதைத் தின்ன வரும் மீனைப் பிடிக்கும் தந்திரம் இந்த இனத்தில் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வெண்தொண்டை மீன்கொத்தியோ பெயருக்குத்தான் மீன்கொத்தி; வெட்டுக்கிளியும் ஓணானும் அதன் அன்றாட உணவு. ஒரே கரையில் நான்கு விதமான பிழைப்பு. இது புரிந்துவிட்டால், எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நெருக்கடி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் உதித்து, கிட்டத்தட்ட நேர்மேலாக விரைந்து ஏறுகிறது. ஒன்பது ஒன்பதரைக்குள் மென்மையான வெளிச்சம் போய்விடும்; அதன்பின் இறகின் நிறமும் மங்கும், பறவைகளும் நிழலுக்குள் ஒதுங்கும். ஆகவே விடியுமுன் கரைக்கு வந்துவிடுங்கள். நண்பகலை வீட்டில் கழித்து மாலை ஐந்துக்குத் திரும்பினால், கொக்குகள் அடையப் போவதையும் இராக்கொக்குகள் இரைக்குக் கிளம்புவதையும் ஒரே பொழுதில் பார்க்கலாம். மாதமும் முக்கியம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே தங்குகின்றன. நீலவால் பஞ்சுருட்டான் அக்காலத்து விருந்தாளி. அது போகும் பருவத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் கூடு வைக்க வருகிறது.

கேமரா வந்தால் ரசனை கெட்டுவிடும் என்பவர்கள் உண்டு. படத்தை மட்டும் துரத்தினால் கெடத்தான் செய்யும். நடத்தையைப் படித்தவரின் கையில் அதே கேமரா கவனத்தைக் கூர்மையாக்கும். இரையைப் பிடித்த மீன்கொத்தி பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்பி, அதை அடித்துக் கொன்றுவிட்டுத்தான் விழுங்கும் என்று தெரிந்தவர், அந்தக் கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பார். ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் இருக்கட்டும். கரிய நீரின் பின்னணியில் வெண்கொக்கு நின்றால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். இல்லாவிட்டால் இறகின் நுணுக்கம் முழுவதும் வெளுத்துப்போகும். பறவையின் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். விலை உயர்ந்த லென்ஸ் இல்லையென்றாலும் குறையில்லை. சாதாரண பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் போதும்.

இவையெல்லாம் மனிதன் தோண்டிய குட்டைகள், இதில் இயற்கை எங்கே என்று கேட்கலாம். உண்மைதான், கெலானா ஜெயா ஏரிகளும் டெங்கில் பாயா இண்டாவும் ஈயம் எடுத்த பள்ளங்கள். புத்ராஜெயா ஈரநிலமோ 1990களின் பிற்பகுதியில் நீரை வடிகட்டவே உருவாக்கப்பட்டது. தித்திவங்சா போன்ற ஏரிகளில் காணும் மஞ்சள்மூக்கு நாரைகள்கூட, 1963இல் திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சிச் சாலையில் சுதந்திரமாகப் பறக்கும் கூட்டத்தின் வழிவந்தவை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் அதே இனம், இங்கே அழிவின் விளிம்பில் உள்ள பால்நாரையோடு கலந்து கலப்பினம் உண்டாக்குவது ஒரு கவலையும்கூட. ஆனால் பசித்த நாரைக்குக் குளத்தின் வரலாறு பொருட்டில்லை; மீனும் ஆழமற்ற கரையும் நாணலும் இருந்தால் போதும். நாணலை வெட்டிக் கரைக்குச் சிமென்ட் பூசினால் எந்தப் பறவை முதலில் காணாமல் போகிறது என்பதை, அதே ஏரியைத் தொடர்ந்து பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். அரிய பறவையைத் தேடி ஊர் ஊராக ஓடுபவரின் பட்டியல் நீளமாக இருக்கலாம். ஆனால் இந்த அறிவு அதில் சேராது.

கரையில் சில ஒழுங்குகள் வேண்டும். ரொட்டி போடாதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். கூட்டருகே நிற்காதீர்கள், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட பறவைகளின் கூட்டுக்கும் முட்டைக்கும் காவல் தருகிறது. துணை தேவைப்பட்டால், 1940 முதல் இயங்கிவரும் மலேசிய இயற்கைக் கழகத்தின் பறவைக் குழுவோடு சேர்ந்து போகலாம். வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அதே கரைக்குப் போய், கண்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளை அந்த ஏரியை மூட யாராவது திட்டம் போட்டால், அதற்காகப் பேச உங்கள் குறிப்பேடு ஆதாரமாக நிற்கும்.