மெரினோ பேஸ் லேயர்: எவரெஸ்ட் அடிவாரப் பாதையில் அணிந்து பார்த்தது

நாம்சே பஜாரிலிருந்து தென்போசே போகும் பாதை முதலில் பூங்கி தேங்கா பாலம்வரை இறங்கும். அங்கிருந்து சுமார் 600 மீட்டர் ஒரே ஏற்றம். முதுகு தொப்பலாகிவிடும். 3,860 மீட்டர் உயரத்தில் தென்போசே மடாலயத்துக்கு முன்னால் பையை இறக்கியதும் காற்று பிடித்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டியிருக்கும் துணியின், அதாவது பேஸ் லேயரின், தரம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பருத்தி பனியன் என்றால் நடுக்கம்தான். நான் போட்டிருந்தது சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள, மெரினோ ஆட்டின் கம்பளியில் நெய்த சட்டை. முதுகில் ஈரம் இருந்தது, ஆனால் சில்லிடவில்லை.

கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பாலியெஸ்டர் இழை 1 சதவீதம்கூட உறிஞ்சாது. வியர்வையைத் துணியின் மேல் பரப்பிக் காயவிடுவதே அதன் வழி. விடாமல் நடந்துகொண்டே இருந்தால் அது போதும். ஏறுவதும் நிற்பதும் மாறிமாறி வரும் இமயப் பாதையில் கம்பளியே என் தேர்வு.

கம்பளி என்றாலே அரிக்கும் என்று பயப்படுபவர்கள் இதை நம்பி அணியலாம். குத்துவது தடித்த இழைகள்தான். மெரினோ பேஸ் லேயர்களில் பெரும்பாலும் 17 முதல் 19 மைக்ரான் இழை. தோலில் பட்டதும் அதன் முனை வளைந்துவிடும். இன்னொரு பெரிய வசதி, நாற்றம் பிடிக்காதது. 5,000 மீட்டரைத் தாண்டிய கோரக் ஷெப் குடியிருப்பில் குளியல் என்ற பேச்சே இல்லை. நாள்கணக்கில் ஒரே சட்டையோடு இருந்தும் டீஹவுஸ் விடுதியின் சாப்பாட்டு மேசையில் கூச்சமில்லாமல் உட்கார முடிந்தது. பாலியெஸ்டர் சட்டை இரண்டாம் நாளே காட்டிக்கொடுத்துவிடும்.

குறை, உழைப்பில். பையின் இடுப்புப் பட்டை உரசும் இடத்தில் முதலில் துணி பிசிறுகிறது, பிறகு ஊசிமுனை அளவில் ஓட்டைகள் விழுகின்றன. நூலுக்குள் நைலான் கலந்த ரகம் இதைவிட நன்றாகத் தாங்குகிறது. அதைத்தான் வாங்கச் சொல்வேன். தோள்பட்டையின் உச்சியில் தையல் வராத வெட்டா என்றும் பாருங்கள். பைப்பட்டைக்கு அடியில் தையல் இருந்தால் நாள் முழுக்க அழுத்தும். துவைத்தால் காய நேரமாகும். விலையும் அதிகம். ஏலகிரி, கொல்லிமலை என்று ஒருநாள் நடைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

பகலுக்கு 150 கிராம் ஒன்று, தூங்கவும் விடியுமுன் காலாபத்தர் குன்றில் ஏறவும் 250 கிராம் ஒன்று: இந்த இரண்டு போதும். தொளதொளவென்று இருந்தால் பயனில்லை, உடம்பைக் கவ்வ வேண்டும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். ஈத்தொற்று வராமலிருக்க ஆட்டுக்குட்டியின் பின்புறத் தோலை வெட்டியெடுக்கும் முறை ஆஸ்திரேலியாவில் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்து 2018-இல் அதைத் தடைசெய்துவிட்டது. அந்த வதை இல்லாத கம்பளி என்ற சான்று இல்லாத சட்டையை நான் வாங்குவதில்லை.

ஊர் திரும்பியதும் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். சாஃப்ட்னர் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகே ஜிப் பையில் போட்டு மூட வேண்டும். வியர்வைக் கறையோடு அலமாரியில் வைத்த கம்பளியை அந்துப்பூச்சி விடாது.