காவலும் களவும்: மதுரைவீரன் கதை பற்றிய ஒரு நோக்கு

மதுரைவீரன் கதையை ஆராய்ந்தோருள் ஒரு சாரார் அதனைச் சாதியெல்லையை மீறிய காதலின் அவலமாகக் கண்டனர். மற்றொரு சாரார் கள்ளரை அடக்கி நாடு காத்த வீரனொருவனின் தியாகமாகக் கண்டனர். இரு நோக்குகளிலும் உண்மையுண்டு. ஆயினும், சட்டத்தை மீறி ஓடிவந்த ஒருவன் அதே சட்டத்தைக் காக்கும் அலுவலனாக நியமிக்கப்படுகிறான் என்பதே கதையின் அச்சாணி. அதனை இரு சாராரும் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

கதையின் அமைப்பினைச் சற்று ஊன்றி நோக்குவோம். வழக்கிலுள்ள வடிவங்கள் பல. எனினும் பொதுப்போக்கு ஒன்றே. சக்கிலியர் குடியில் வளரும் வீரன், பூப்பெய்திக் குடிசையில் ஒதுக்கிவைக்கப்பட்ட பொம்மிக்கு, தந்தைக்குப் பதிலாக மழையிரவிற் காவல் நிற்கச் செல்கிறான். அவள் பாளையக்காரரான பொம்மையா நாயக்கரின் மகள். காக்கச் சென்றவன் அவளைக் கொண்டு செல்கிறான். துரத்திவந்த நாயக்கர் போரில் மடிகிறார். கொலைப்பழியோடு திருச்சி சேர்ந்தவனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை, பதவி கிடைக்கிறது. கள்ளரை ஒடுக்குமாறு அவன் மதுரைக்கு அனுப்பப்படுகிறான். அழகர்மலைக் கள்ளரை வென்றவன், வெள்ளையம்மாள் பொருட்டு இரவில் அகப்பட்டுக் கள்வனெனக் கருதப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். மீனாட்சியின் அருளால் உறுப்புக்கள் மீண்டும், வாழ விரும்பாது தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். பின்னர் அம்மன் கோயிலின் கிழக்கு வாயிலிற் காவல் தெய்வமாகிறான்.

(கதைப்பாடல் திருச்சி மன்னனாகக் கூறும் விசயரங்கர் அரசாண்டது 1706 முதல் 1732 வரை, திருமலை நாயக்கரோ 1659இல் மறைந்தவர். கதைப்பாடலைச் சரித்திரமாகப் படிக்க முற்படுவோர் இவ்விடத்தில் இடறுவர்.)

ஆக, காவல், களவு, காவல், களவு, மீண்டும் காவல் என்றே இக்கதை நடக்கிறது. ‘களவு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருளுண்மை இங்கு கருதற்பாலது. அகப்பொருள் இலக்கணத்தில் களவு என்பது பிறரறியா ஒழுக்கம். அங்கே காவல் அதற்கு இடையூறு. வீரன் இருமுறை குற்றவாளியாவதும் இப்பொருளிலமைந்த களவினாலேயே. பிறர் பொருளை அவன் திருடியதாகக் கதை கூறவில்லை. சங்கப் பாடலில் தலைவனுக்குச் சிறப்பாகும் ஒழுக்கம், தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்தவனிடத்துத் திருட்டாகிவிடுகிறது. அவன் காசி மன்னனின் மைந்தன் எனக் கதைப்பாடல் தொடக்கத்திற் சேர்த்துக்கொள்வது, இம்முரணைத் தாங்கமாட்டாத மனங்கள் பிற்காலத்திற் செய்த ஒட்டு என்றே நான் கருதுகிறேன்.

அவன் ஒடுக்கிய கள்ளரின் நிலை என்ன? மதுரைச் சீமையில் ஊர்க்காவலுக்கெனக் கூலி பெற்றவருள் கள்ளரும் அடங்குவர். காவற்கூலி கொடுத்த ஊரின் மாடு களவு போகாது. போயினும் ‘துப்புக்கூலி’ கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். ஆங்கில அரசு 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அவர்களைக் கொண்டுவந்தபோது, காவலர் பரம்பரையொன்று பிறவிக் கள்வர் பரம்பரையெனப் பதிவாயிற்று. அதனை எதிர்த்தோர்மீது 1920 ஏப்ரல் 3இற் பெருங்காமநல்லூரிலே துப்பாக்கிச் சூடும் நடந்தது. வீரன் கள்ளரை வென்றான் என்பதை நன்மை தீமையின் போராகப் படிப்பது இதனால் எளிதன்று. கூலிக்காரனொருவனைக் கொண்டு பிற கூலிக்காரரை அரசு அடக்கிற்று.

‘திருந்திய கள்வன்’ என்னும் வகையை நம் இலக்கியம் அறியாததன்று. நொண்டி நாடகங்கள் அவ்வகையின. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பேரிலெழுந்த நொண்டி நாடகத்தைக் கல்முனைப் பகுதி வாசகர் அறிவர். குதிரை திருடப் புகுந்தவன் உறுப்பிழக்கிறான், வருந்துகிறான், இறையருளால் மீள்கிறான். வீரன் பெற்ற தண்டனையும் அத்தகையதே, அருளும் அத்தகையதே. ஆனால் அவன் எதற்காகவும் வருந்தவில்லை. மீண்ட உறுப்புக்களை அவன் ஏற்க மறுப்பது, என் வாசிப்பில், மன்னிப்பை மறுப்பதாகும். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு?

1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ திரைப்படம் இவ்விடத்திலேயே சறுக்குகிறது. எம். ஜி. இராமச்சந்திரன் என்னும் நாயகனின் புகழுக்கேற்ப, பழியைச் சூழ்ச்சிக்காரர்மேற் சுமத்திப் பார்வையாளரின் கோபத்தை அவர்கள்பாற் செலுத்திவிடுகிறது. விசாரணையின்றி ஆணையிட்ட அரசமுறை கேள்விக்குள்ளாவதில்லை.

தம்பிலுவிற் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கோடு வளர்ந்தவர்க்கு இக்குறை பளிச்செனத் தெரியும். கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களிற் படிக்கப்படும் ‘கண்ணகி வழக்குரை’ தன் பெயரிலேயே வழக்கைக் கொண்டது. அங்கும் நகரம் மதுரை. அங்கும் விசாரியாது கள்வனென வெட்டப்பட்டவன் ஒருவன். ஆனால் கோவலனுக்கு மனைவி வழக்காடினாள்; சிலம்பு உடைந்தது; அரசன் உயிர் நீத்தான்.

அமெரிக்க மேற்கெல்லையிலும் இதற்கொப்பான நிகழ்ச்சியொன்றுண்டு. ஹென்றி பிளம்மர் என்பவன் கலிபோர்னியாவில் நகரக் காவலதிகாரியாயிருந்து, கொலைக் குற்றத்திற்காகச் சிறை சென்று, 1859இல் மன்னிக்கப்பட்டவன். 1863இல் பனக் என்னும் தங்கச்சுரங்க ஊரில் ‘ஷெரிப்’ எனப்படும் காவற்றலைவனாகத் தெரிவு செய்யப்பட்டான். வழிப்பறிக்காரரின் மறைவான தலைவன் அவனே எனக் கூறி, ஊரார் குழுவொன்று 1864 ஜனவரி 10ஆந் தேதி விசாரணையின்றி அவனைத் தூக்கிலிட்டது. 129 ஆண்டுகள் கழித்து, 1993இல், மொன்ரானாவில் அவ்வழக்கை மாதிரி நீதிமன்றமொன்றில் விசாரித்தனர். ஜூரிமார் அறுவருக்கு அறுவராகப் பிரிந்தமையால் தீர்ப்பெதுவும் கிட்டவில்லை. எனினும் வழக்கு எடுக்கப்பட்டது.

வீரனுக்கு அதுவுமில்லை. பொம்மியும் வெள்ளையம்மாளும் பெரும்பாலான வடிவங்களில் அவனுடன் உயிர்விடுகின்றனர். அரசவைக்குச் செல்ல அவர்களைக் கதைப்பாடல் விடவில்லை. அவனை வெட்டுவித்த நகரம் அவனுக்கு மீண்டும் அளித்தது அவனுடைய பழைய உத்தியோகத்தையே. கோயிலுக்கு வெளியே, வாயிலோரத்தில், இருபுறமும் அப்பெண்கள் நிற்க, அவன் இன்றும் காவல் நிற்கிறான்.