தெருவோரக் கதிரையும் தற்செயற் கலையும்

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் புறநகர்த் தெருக்களில், வீட்டார் வேண்டாமென்று ஒதுக்கிய மெத்தை, கதிரை, அலுமாரி முதலியன நகரசபை வண்டியை எதிர்நோக்கி வாசலோரப் புற்றரையிலே கிடப்பதுண்டு. அவற்றைப் புகைப்படமாக்கித் தற்செயற் கலை எனப் போற்றும் ரசனை, அங்கு மட்டுமன்றிப் பல நாடுகளிலும் பரவியுள்ளது. சாய்ந்து நிற்கும் மெத்தை சிற்பமாகிறது. காலொடிந்த கதிரை கவிதையாகிறது.

குப்பையிலே வடிவம் காண்பதும் ஓர் ஆற்றலே. அதனை நாம் குறைகூறவில்லை. தற்செயல் என்ற சொல்லே எமக்கு இடறுகின்றது. மெத்தை தானாகத் தெருவுக்கு வரவில்லை. வாடகை கட்ட இயலாது ஒரு குடும்பம் வெளியேறியிருக்கலாம். பழுதுபார்ப்பதிலும் புதியது வாங்குவதே மலிவு என்ற சந்தைக் கணக்கு இருக்கலாம். விசாரிக்கப்படாத காரணத்துக்கே இங்கு தற்செயல் எனப் பெயர். அதே குவியலிலிருந்து ஒரு கதிரையை எடுத்துச் செல்வதை அந்நகரின் சில சபைகள் தடைசெய்துள்ளன என்பதையும் சேர்த்து நோக்குக. படம் பிடிப்பவன் கலைஞன், பொறுக்குபவன் குற்றவாளி!

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஏர்விங் பென், 1970களில், தெருவில் மிதிபட்ட சிகரெட் துண்டுகளைத் தமது கூடத்துக்குக் கொண்டுவந்து படமெடுத்து, பிளாட்டினம் பூசிய தாளிலே பெரிதாக அச்சிட்டார். கைத்திறன் அபாரம். தெருதான் காணாமற் போயிற்று. குப்பைமேட்டையும் அழகாக்காமற் காட்ட இயலாத நிலைக்குப் புகைப்படம் வந்துவிட்டது என்றும், வறுமையே நுகர்பொருளாகிவிட்டது என்றும் வால்ட்டர் பென்யமின் 1934 இலேயே கண்டித்திருந்தார்.

வேறு வழி இல்லாமலில்லை. பாரிஸ் நகரில் 1883 இல் ஆட்சியாளர் புபெல், குப்பையை வாளிகளில் இட்டே வெளியில் வைக்கவேண்டுமென ஆணையிட்டார். கந்தல் பொறுக்கி வாழ்ந்தோரின் பிழைப்பில் மண் விழுந்தது. (அவர் பெயரே இன்று பிரெஞ்சு மொழியிற் குப்பைவாளிக்குப் பெயர்.) அத்தொழிலாளரை, 1913 அளவில், நகரெல்லைக் குடிசைகளிலே யூஜீன் அட்ஜே படம்பிடித்தார். 1926 இல் சர்ரியலிசவாதிகள் அவருடைய படங்களைத் தம் ஏட்டில் வெளியிட முனைந்தபோது, அவை ஆவணங்களே, தம் பெயரைப் போடவேண்டாம் என்று அவர் கூறியதாக மான் ரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அக்குடிசைப் படங்களிலும் உடைந்த சாமான்களும் கந்தற் குவியல்களும் உண்டு. அவற்றின் நடுவே, அவற்றால் வயிறு வளர்த்த குடும்பங்கள் கமராவை நேராக நோக்கி நிற்கின்றன.