நீருக்குள் நிலைகொள்ளும் படி

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் பின்முற்றத்தில், குழி தோண்டாமல் தரைமேலேயே சுமார் 4 அடி உயரச் சுவர் நிறுத்தி, உள்ளே வினைல் விரிப்பிட்டு அமைக்கப்படும் நீச்சல் குளத்தில், இறங்கி ஏற வைக்கப்படும் கழற்றக்கூடிய படிக்கட்டு பெரும்பாலும் உள்ளீடற்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது பாலிஎத்திலீனாக இருந்தால், அதன் அடர்த்தி நீரினுடையதைவிடச் சற்றே குறைவு என்பதால், அடைபட்ட காற்று முழுதும் வெளியேறிய பின்னும் மிதக்கவே முயலும். அதை அடியில் இருத்துவது மணல். மூழ்கிய பொருள் தான் விலக்கிய நீரின் எடையளவு தன் எடையை இழப்பதாகத் தோன்றும் என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, கரையில் 10 கிலோ நிற்கும் குவார்ட்ஸ் மணல் குளத்துக்குள் ஏறத்தாழ 6.2 கிலோவாகவே அழுத்தும் என்பதால், கையில் உணர்ந்த கனத்தை மட்டும் நம்பி அளவைக் குறைத்தால் முதல் கால் பட்டதுமே படி அசைந்துவிடும். மணலைக் கசியாத பைகளில் காற்று மிஞ்சாமல் நிரப்பி அடித்தட்டில் இருபுறமும் சமமாக வைப்பதும், விளிம்பு வினைலைக் கீறாதிருக்கக் கீழே பாய் விரிப்பதும் அழகான முன்யோசனைகள். எல்லாவற்றிலும் ரசிக்கத்தக்கது இறக்கும் கணமே: சற்றுச் சாய்த்துப் பிடித்த படியின் துளைகள் வழியே குமிழிகள் சரஞ்சரமாக மேலேறி, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிக் குமிழியும் உடைந்தபின், கைகளை இழுத்துக்கொண்டிருந்த அந்தப் படி மெல்லத் தரைதொட்டு அசைவற்று அமர்கிறது.